வி1, வி2, வி3-ல எஸ்டி இறங்கியிருந்தா முதுகுலயும் ஒரு ஈசிஜி எடுங்க

புதுசா டூட்டிக்கு வர்ற ஹவுஸ் சர்ஜன், ஸ்டாஃப் நர்ஸ் தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். பி வேவ், பேப்பர் ஸ்பீடு எல்லாம் தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா விஷயத்துக்கு வரேன்: இதயத்தோட பின்சுவர்ல வர்ற அட்டாக்கை தவறவிடாம பிடிக்கிறது எப்படி. எஸ்டின்னா ஈசிஜி கோட்டுல கியூஆர்எஸ்-க்கும் டி வேவுக்கும் நடுவுல வர்ற பகுதி. நெஞ்சுவலின்னு வந்தவர் "கேஸ் டிரபிள்தான் சார்"னு அவரே சொன்னாலும் 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி உங்க கையில இருக்கணும்.

ஸ்டெப் 1: நெஞ்சுல ஒட்டுற வி1, வி2 எலக்ட்ரோடு நாலாவது விலா இடுக்குல. மார்பெலும்புல விரலுக்குத் தட்டுப்படுற மேட்டுக்குப் பக்கத்துல இருக்கிறது ரெண்டாவது விலா, அங்கேர்ந்து எண்ணுங்க. வேர்த்துக் கொட்டுற ஆளுக்கு பல்பு எலக்ட்ரோடு நிக்காது, துடைச்சிட்டு ஸ்டிக்கர் ஒட்டுங்க, என் ஓட்டு எப்பவும் ஸ்டிக்கருக்குத்தான்.

ஸ்டெப் 2: பக்கத்து பக்கத்து லீடு (இதயத்தை ஒவ்வொரு கோணத்துல பார்க்கிற பதிவு) ரெண்டுல எஸ்டி 1 மி.மீ. ஏறியிருக்கா பாருங்க. வி2, வி3-ல மட்டும் கணக்கு வேற: 40 வயசு தாண்டின ஆம்பளைக்கு 2, அதுக்குக் கீழ 2.5, பொம்பளைங்களுக்கு 1.5. லீடு 2, 3, ஏவிஎஃப் அடிப்பக்கம், வி1–வி4 முன்பக்கம், 1, ஏவிஎல், வி5, வி6 பக்கவாட்டு.

ஸ்டெப் 3: நான் தப்பு பண்ணின இடம் இதுதான். ஒரு நைட் டூட்டில ஐம்பது வயசு தாண்டின ஒருத்தர் வந்தாரு, எங்கயுமே எலிவேஷன் (எஸ்டி ஏற்றம்) இல்ல, வி1–வி3-ல எஸ்டி இறங்கி, ஆர் வேவ் உயரமா, டி வேவ் நிமிர்ந்து இருந்துச்சு, மெஷின் இஸ்கீமியான்னு (இதயத்துக்கு ரத்த ஓட்டம் கம்மி) அடிச்சுக் குடுத்ததை நம்பி நான் ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டிருக்கான்னு பார்க்கிற ரத்த டெஸ்ட்) அனுப்பிட்டுக் காத்திருந்தேன். விடியக்காலைல சீனியர் வந்து "முதுகுல எடுத்தியா?"ன்னு கேட்டாரு. எடுத்தா எலிவேஷன். சர்கம்ஃப்ளெக்ஸ் (இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோற ஒரு ரத்தக்குழாய்) முழுசா அடைச்சிருந்துச்சு. பொழைச்சுட்டாரு, ஆனா பம்பிங் கொறைஞ்சுபோச்சு. இன்னைக்கும் அது எனக்கு வலிக்குது.

நாம வழக்கமா வைக்கிற 12 லீடுல இதயத்தோட பின்சுவரை நேரா பார்க்கிற லீடே கிடையாது, அங்க ஏறினா முன்னாடி தலைகீழா இறக்கமாத்தான் தெரியும். அதனால வி4, வி5, வி6 ஒயரைக் கழட்டி, வி6 இருந்த அதே மட்டத்துல பின்னால கொண்டுபோங்க: அக்குளோட பின்மடிப்புக்கு நேரா வி7, தோள்பட்டை எலும்பு முனைக்குக் கீழ வி8, முதுகெலும்புக்குப் பக்கத்துல வி9. இங்க 0.5 மி.மீ. ஏறினாலே போதும், உடனே கார்டியாலஜிக்கு போன் போடுங்க. மெஷின் வி4, வி5, வி6-ன்னுதான் பிரிண்ட் பண்ணும், பேனாவால திருத்தி எழுதிடுங்க, இல்லன்னா அடுத்து பார்க்கிறவங்க குழம்பிடுவாங்க.

அப்டேட்: கமெண்ட்ல ஒரு சிஸ்டர் கேட்டாங்க, அடிப்பக்க அட்டாக்னா நாக்குக்கு அடியில நைட்ரேட் வைக்கலாமான்னு. முதல்ல வி4 ஒயரை வலது பக்கம் அதே இடத்துக்கு மாத்தி ஒண்ணு எடுங்க, அங்க எஸ்டி ஏறியிருந்தா வலது வென்ட்ரிக்கிளும் அடிபட்டிருக்கு, நைட்ரேட் குடுத்தா பிபி சட்டுனு விழுந்துடும், குடுக்காதீங்க.

இன்னொருத்தர் முதல் ஈசிஜி நார்மல்னு வீட்டுக்கு அனுப்பலாமான்னு கேட்டிருக்காரு. வேண்டாம் தம்பி, வலி இருக்குற வரைக்கும் 15 நிமிஷத்துக்கு ஒண்ணு எடுத்து, ஒவ்வொண்ணுலயும் டைம் எழுதி, பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.