வீட்டை எழுதிக் கொடுக்கும் முன் இந்த ஷரத்தைச் சேருங்கள்

பெரியம்மா தன் வீட்டை மகன் பெயருக்கு எழுதி வைக்க விரும்பினார். பத்திர வேலைகளை நான்தான் கூட இருந்து முடித்துக் கொடுத்தேன். வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் பார்ப்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதிக் கொடுக்கும் பெரியவருக்கு என்ன பாதுகாப்பு என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. உயிலா, செட்டில்மெண்டா?

செட்டில்மெண்ட் என்பது குடும்பத்தாருக்கு விலை வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்; அது பதிவானதும் சொத்து கைமாறிவிடும். உயிலோ, எழுதியவர் காலத்துக்குப் பிறகுதான் நடப்புக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். என்னைக் கேட்டால், அவசரம் இல்லாத வீட்டில் உயிலே நல்லது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறுகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள்.

2. வரைவை வரிவரியாக வாசியுங்கள்

செட்டில்மெண்ட்தான் என்று முடிவானால், எல்லாமே இந்தப் படியில்தான் இருக்கிறது. பத்திர எழுத்தர் கொடுத்த வரைவில் "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்று இருந்தது. "இதை எக்காலத்திலும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை" என்றும் இருந்தது. பெரியம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு வார்த்தைகூட இல்லை. "எல்லாருக்கும் இப்படித்தான் எழுதுவோம்" என்றார் எழுத்தர்.

அங்கேதான் நாங்கள் நின்றுவிட்டோம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 60 வயது நிறைந்தவர், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம். அந்த நிபந்தனை இருந்ததை நிரூபிக்காவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. முதியோர் நலனை மனதில் வைத்துச் சட்டத்தைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆனாலும் எதற்கு வழக்காடி நிரூபிக்க வேண்டும்? பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் சேர்த்தது ஏறக்குறைய இதுதான்:

"சொத்தைப் பெறுபவர் என் ஆயுள்வரை எனக்கு உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைக் குறைவின்றிச் செய்து தர வேண்டும். தவறினால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி இந்த ஆவணத்தை ரத்து செய்யக் கோர எனக்கு உரிமை உண்டு."

கூடவே, அதே வீட்டில் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். "ரத்து செய்ய உரிமை இல்லை" என்ற பழைய வரியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே பத்திரத்தில் இருந்தால் பின்னால் குழப்பம். பிள்ளை வருத்தப்படுவானோ என்று பெரியவர்கள் தயங்குவார்கள். பார்த்துக்கொள்ளப் போகிற பிள்ளைக்கு இந்த வரியால் ஒரு நட்டமும் இல்லை என்று பொறுமையாகச் சொல்லிப் புரியவையுங்கள்.

3. பதிவு நாள்

முந்தின நாளே பத்திரம் முழுவதையும் பெரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சார்பதிவாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், நாம் இல்லை. பதிவு முடிந்ததும் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி அவர் கையிலேயே கொடுங்கள். அசல் பிள்ளையிடம் போய்விடும் அல்லவா?

4. பேச்சு தவறினால்

வருவாய் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. உத்தரவில் திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் சிலர் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். படுக்கையில் இருப்பவரை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். காரணத்தைச் சொல்லி விண்ணப்பித்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு.

"அப்பா எனக்குப் பவர் (அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம்) கொடுத்திருக்கிறார், இப்போது அவருக்கு ஞாபகமறதி முற்றிவிட்டது, பவரை வைத்து விற்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி பவரும் முடிந்துபோகும். அப்புறம் நீதிமன்றம் போய்த்தான் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். உயிலோ செட்டில்மெண்டோ, பெரியவர் தெளிவாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். அதே வாரத்தில் மருத்துவரிடம் காட்டி, நல்ல நினைவோடு இருக்கிறார் என்று ஒரு சான்றிதழும் வாங்கிப் பத்திர நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.