12.9 போல்ட்டை ஆசிட்ல போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஒரு 12.9 போல்ட்டை (தலையில இந்த நம்பர் போட்ட, ரொம்ப உறுதியான ரகம்) ராத்திரி டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பேனர் வெச்சு அளவாத்தான் டைட் பண்ணேன், காலையில வந்து பாத்தா போல்ட் தலை தனியா தரையில கிடக்கு, வண்டி இடத்தை விட்டு நகரவே இல்ல. முந்தின நாள்தான் அதை ஆசிட்ல ஊற வெச்சு துரு எடுத்து பளபளன்னு ஜிங்க் ஏத்தியிருந்தேன். ஸ்டீலுக்குள்ள ஹைட்ரஜன் புகுந்து அதை வளையாம படக்குன்னு உடையிற மாதிரி ஆக்கிடுச்சு, அவ்ளோதான்.

இது பழைய கதை. இரும்புக் கம்பியை கொஞ்ச நேரம் ஆசிட்ல போட்டா படக்குன்னு உடையுது, உடைஞ்ச இடத்தை நனைச்சா நுரை வருதுன்னு 1875லயே வில்லியம் ஜான்சன்ங்கிற ஆராய்ச்சியாளர் எழுதிட்டார். ஆசிட் இரும்பை அரிக்கும்போது வர்ற ஹைட்ரஜன்ல பெரும்பகுதி குமிழியா போயிடும், மிச்சம் கொஞ்சம் அணு அணுவா உள்ள நுழையும், பிளேட்டிங் (கரண்ட் வெச்சு ஜிங்க் பூசுறது) தொட்டியில கரண்ட் பாயும்போதும் அப்படியேதான். உள்ள போனது இழுவிசை எங்க அதிகமோ அங்க மெல்ல நகர்ந்து சேரும், அதாவது தலைக்கு அடியில, மரையோட பள்ளத்துல. அதான் டைட் பண்ணப்ப உடையாம மறுநாள் உடையுது.

ஸ்டெப் 1: போல்ட் தலையில நம்பரைப் பாருங்க. 8.8னா இந்தக் கவலை வேணாம். 12.9னா இழுவலிமை 1200 மெகாபாஸ்கல், கடினம் 385 விக்கர்ஸுக்கு (கடினத்தை அளக்குற அளவு) மேல, இதுதான் ஆபத்தான ஆளு. 10.9 இடைப்பட்டது, நான் அதையும் ஜாக்கிரதையாத்தான் பாப்பேன்.

ஸ்டெப் 2: துருவை வயர் பிரஷ், இல்லன்னா சாண்ட் பிளாஸ்டிங்ல எடுங்க. வினிகர் சாஃப்ட்டானதுன்னு நினைக்காதீங்க, அதுவும் ஆசிட்தான்.

ஸ்டெப் 3: கோட்டிங். முடிஞ்சா கரண்ட் இல்லாம பெயிண்ட் மாதிரி பூசுற ஜிங்க் ஃபிளேக் (ஜிங்க் செதில்) போடுங்க, ஹைட்ரஜன் தொல்லையே கிடையாது. பிளேட்டிங்தான்னா அடுத்த ஸ்டெப்பைத் தாண்டவே கூடாது.

ஸ்டெப் 4: பேக்கிங் (baking), அதாவது ஓவன்ல சூடாக்கி உள்ள போன ஹைட்ரஜனை வெளியேத்துறது. நான் கோட்டை விட்டது இங்கதான். தொட்டியில இருந்து எடுத்த 4 மணி நேரத்துக்குள்ள ஓவன்ல போயாகணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. 200 டிகிரி செல்சியஸ், 8 மணி நேரத்துக்குக் குறையாம, பொறுமை இருந்தா 24 வரைக்கும் கூட. ஜிங்க் படலம் மூடி மாதிரி ஹைட்ரஜனை உள்ளயே அடைச்சு வெச்சிடும், அதான் இவ்ளோ நேரம் பிடிக்குது. இந்தச் சூட்டுல ஸ்டீலோட பலம் குறையுமோன்னு பயப்படாதீங்க, 12.9ஐ தயாரிக்கும்போது டெம்பர் பண்றதே (கடினமாக்கின ஸ்டீலைத் திரும்ப சூடாக்கிப் பதப்படுத்துறது) 380 டிகிரிக்கு மேலதான். ஜிங்க் மேல அரிப்பைத் தடுக்கப் போடுற குரோமேட் பாசிவேஷன் படலம் போடுறதா இருந்தா பேக்கிங் முடிஞ்சப்புறம் போடுங்க, முன்னாடி போட்டா சூட்டுல கெட்டுடும். இன்னொண்ணு, பேக் பண்ணிட்டோம்னு பிரேக், ஸ்டியரிங் போல்ட்ல எல்லாம் இதை முயற்சி பண்ணாதீங்க, அதுக்குப் புதுசு வாங்கிடுங்க.

ஸ்டெப் 5: டெஸ்ட். அதே பேட்ச்ல சிலதை எடுத்து கனமான ஸ்டீல் பிளேட்ல முழு டார்க்ல டைட் பண்ணி 48 மணி நேரம் விடுங்க. மேல ஏதாவது மூடி வைங்க, தலை தெறிச்சா கண்ணுக்கு வரும். ஒண்ணு உடைஞ்சாலும் லென்ஸ் வெச்சு உடைஞ்ச பரப்பைப் பாருங்க, கல்கண்டை உடைச்ச மாதிரி பட்டை பட்டையா மினுமினுத்தா அந்த பேட்ச் மொத்தமும் ஸ்கிராப்.