மருந்தகத்தில் பில் மென்பொருளை மாற்றப் போகிறீர்களா? முகப்பிலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரில் ஒரு வீவக புளோக்குக்குக் (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கீழே ஒரு சின்ன மருந்தகம் (கிளினிக்), ஒரு டாக்டர், முகப்பில் (கவுன்டரில்) இரண்டு மூன்று பேர். இப்படிப்பட்ட இடத்தில் பில் மென்பொருளை மாற்றும் பொறுப்பு, கணினி கொஞ்சம் தெரிந்த ஒருவரிடம்தான் வந்து சேரும். இரண்டு மருந்தகங்களில் அது என்னிடம் வந்தது. முதல் தடவை நிறையத் தவறு செய்தோம், அதற்கான சிரமத்தை வயதானவர்கள் முகப்பில் நின்றபடி அனுபவித்தார்கள். இரண்டாவது தடவை அப்படி நடக்கவில்லை. இந்த வேலையை முதல்முறை செய்யப் போகிறவர்களுக்காக, இரண்டாவது தடவை நாங்கள் செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: தலைக்குள் இருப்பதைத் தாளுக்குக் கொண்டு வாருங்கள்

விற்பனையாளர் காட்டும் டெமோவைப் பார்ப்பதற்கு முன்பே, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஒரு வாரம் முகப்பில் உட்காருங்கள். எந்த கம்பெனி பேனலில் (ஊழியர் சிகிச்சைக்கு மருந்தகத்தோடு ஒப்பந்தம் செய்த கம்பெனிகள்) ஊழியர் கையிலிருந்து 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும், எந்த கம்பெனி முழுவதையும் கட்டிவிடும், மூன்று நாளுக்குள் அதே காய்ச்சலோடு திரும்பி வந்தால் டாக்டர் ஆலோசனைக் கட்டணம் வாங்குவாரா, இதெல்லாம் எந்தக் கோப்பிலும் இருக்காது. பல வருடமாக முகப்பில் இருக்கும் ஆன்ட்டிக்குத்தான் தெரியும். அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புது மென்பொருளில் அமைப்புகளைப் போடும்போது இந்த நோட்டுதான் உங்களுக்கு வழிகாட்டி, விற்பனையாளர் தரும் கையேட்டை விட இதை அதிகமாகப் புரட்டுவீர்கள்.

படி 2: பெயர், எண், முகவரி

அதிக நேரம் இங்கே செலவாகட்டும்.

நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் நம் பெயர், நடுவில் ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்) அல்லது ‘டி/ஓ’ (இன்னாரின் மகள்), அப்புறம் அப்பா பெயர் என்று இருக்கும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்த மென்பொருளுக்குள் இதை அப்படியே ஏற்றினால் அப்பா பெயர் முன்னால் வந்துவிடும். எங்கள் முதல் மாற்றத்தில் அதுதான் நடந்தது. ஒரு தாத்தாவை, காலமாகி நாற்பது வருடமான அவருடைய அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். அவர் எழுந்திருக்கவே இல்லை, அவருடைய முறை தாண்டிப் போய்விட்டது. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும், மலாய்க்காரர்களுக்கு ‘பின்’, ‘பிந்தி’ உண்டு. அதனால் விற்பனையாளரிடம் கண்டிப்பாகக் கேளுங்கள்: அட்டையில் உள்ளபடி முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் வேண்டும்.

அடுத்து எண்கள். பழைய கணினியிலிருந்து எடுத்த பட்டியலை எக்செல்லில் சும்மா திறந்தாலே சிக்கல் ஆரம்பிக்கும். நம் அஞ்சல் குறியீடு 6 இலக்கம், நகர மையத்தில் பல 0-இல் தொடங்கும். எக்செல் அந்த 0-ஐ விழுங்கிவிடும், கடிதம் திரும்பி வரும். அந்த நெடுவரிசையை ‘எழுத்து’ (Text) என்று மாற்றிவிட்டுப் பிறகு கோப்பை உள்ளே கொண்டு வாருங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறவில்லையா என்று நாள் 12 அல்லது அதற்குக் கீழே உள்ள சிலரைப் பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். 2022 முதல் வெளிநாட்டினருக்கு எம் (M) எழுத்தில் தொடங்கும் அடையாள எண் தருகிறார்கள், புது மென்பொருள் அதை ஏற்கிறதா என்று ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. வேலை அனுமதியில் இருந்தபோது ஒரு எண், நிரந்தரவாசி ஆனதும் வேறு எண். பெனிசிலின் ஒவ்வாது என்ற குறிப்பு பழைய எண்ணில் மட்டும் இருந்தால், புது எண்ணில் வருபவருக்கு அந்த எச்சரிக்கை திரையில் வராது. பெயர், பிறந்த தேதி, கைபேசி எண் மூன்றும் ஒத்துப்போகும் பதிவுகளைத் தனியே எடுத்து, டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இணையுங்கள். இதை விற்பனையாளரிடம் விட்டுவிடாதீர்கள்.

படி 3: மருந்து விலை

நம் மருந்தகங்களில் மருந்தையும் நாமே கொடுப்பதால் விலைப்பட்டியலும் சேர்ந்து மாறும். மாத்திரைக்கா, அட்டைக்கா, பெட்டிக்கா என்ற அலகை மட்டும் கவனியுங்கள். பத்து மாத்திரை அட்டையின் விலை ஒரு மாத்திரைக்கு ஏறிவிட்டால் பில் பத்து மடங்காகும்.

படி 4: பாதியில் நிற்கும் பணம்

நோயாளி தர வேண்டிய பாக்கி, அவர் கூடுதலாகக் கட்டி வைத்த தொகை, இன்னும் வந்து சேராத சாஸ் (அரசின் மருத்துவக் கட்டணச் சலுகைத் திட்டம்), மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) கிளெய்ம்கள். இந்த மூன்றையும் சேர்த்து ‘நிலுவை’ என்று ஒரே எண்ணாக நகர்த்தினால் பிறகு பிரிக்கவே முடியாது. நாங்கள் செய்தது இது: முதல் இரண்டும் ஆள்வாரியாகப் புது மென்பொருளுக்குப் போயின, மாற்றத்துக்கு முன் அனுப்பிய கிளெய்ம்கள் எல்லாம் பழையதிலேயே முடியும் வரை இருந்தன. எந்தத் தேதி வரை பழையது என்பதை எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

படி 5: பழைய பில்லைப் புதிதில் போடுங்கள்

சென்ற மாதத்து பில்களில் முப்பதை எடுத்து, புது மென்பொருளில் திரும்பப் போட்டு, காசு வரை ஒத்துப் பாருங்கள். சுலபமானவற்றைப் பொறுக்காதீர்கள். சாதாரண நோய்க்கு சாஸ் நீல அட்டைக்கு 18.50 வெள்ளி வரை, ஆரஞ்சு அட்டைக்கு 10 வெள்ளி வரை, மூத்தோருக்கான தனிச் சலுகைப் பிரிவுகளான மெர்டேக்கா தலைமுறைக்கு 23.50, முன்னோடித் தலைமுறைக்கு 28.50 வெள்ளி வரை கழிகிறதா? பச்சை அட்டைக்கு சாதாரண நோய்க்குச் சலுகை இல்லை, நாட்பட்ட நோய்க்கு மட்டுமே உண்டு. அதைச் சரியாகப் பிரிக்கிறதா? நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மெடிசேவிலிருந்து எடுக்கும்போது 15 விழுக்காட்டை ரொக்கமாகக் கட்டும் விதி உண்டு, ஆனால் ஹெல்தியர் எஸ்ஜியில் (ஒரே மருந்தகத்தில் பதிந்து தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் அரசுத் திட்டம்) அதே மருந்தகத்தில் பதிந்தவர்களுக்கு 2024 முதல் அது தேவையில்லை. இரண்டு வகை நோயாளிக்கும் ஒரு பில் போட்டுப் பாருங்கள். மருந்தகம் பொருள் சேவை வரிக்குப் பதிந்திருந்தால் 9 விழுக்காடு எந்த இடத்தில் கூடுகிறது என்று கணக்காளரிடம் காட்டிக் கேளுங்கள். ஒத்து வராத பில்லை விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஐந்து வெள்ளி அதிகம் கேட்டால் சிலர் சண்டை போடுவார்கள். ஆனால் பல பாட்டிகள் பேசாமல் கட்டிவிட்டு, அடுத்த முறை மருந்து வாங்க வராமல் இருந்துவிடுவார்கள். எனக்கு அதுதான் பயம்.

படி 6: மாற்றும் நாள்

திங்கட்கிழமை வேண்டாம், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கேட்டு வரும் கூட்டம் அன்றைக்குத்தான். சீனப் புத்தாண்டு முடிந்த வாரமும் வேண்டாம். புதனோ வியாழனோ வைத்துக்கொள்ளுங்கள். முந்தின இரவு திறந்திருக்கும் எல்லா பில்லையும் மூடி, நெட்ஸ் (வங்கி அட்டையில் பணம் கட்டும்) கருவி, பேநவ் (கைபேசியில் பணம் அனுப்பும்) கியூஆர், மருந்து லேபிள் அச்சு மூன்றையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கையால் எழுதும் ரசீதுப் புத்தகம் ஒன்று மேசையில் இருக்கட்டும். முதல் இருக்கையில் அந்த ஆன்ட்டியையே உட்கார வையுங்கள், நீங்கள் பின்னால் நில்லுங்கள். அவர் மெதுவாகச் செய்தாலும் பரவாயில்லை, கையை நீட்டி மவுஸைப் பிடுங்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம் தினமும் கடை மூடும் முன் ரொக்கம், நெட்ஸ், பேநவ் மூன்றையும் தனித்தனியாக மென்பொருள் காட்டும் தொகையோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் அன்றைக்கே தேடுங்கள், மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பழைய மென்பொருளை உடனே ரத்து செய்ய வேண்டாம். வரிக் கணக்குக்கான ஆவணங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும், மருத்துவக் குறிப்புகளை அதற்கும் மேல். படிக்க மட்டும் முடிகிற ஒரு பிரதி உங்கள் கையில் வந்து, நீங்களே அதில் ஒரு பழைய நோயாளியைத் தேடித் திறந்து பார்த்து, பழைய பக்கத்தில் கடைசி கிளெய்ம் பணமும் வங்கிக்கு வந்த பிறகு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளுங்கள்.