தண்ணீர் கொதித்தால் எது உடைகிறது? வேதியியல் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் படிவம் 4, படிவம் 5 பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். டிரையல் தேர்வு முடிந்து விடைத்தாள்களோடு அவர்கள் வரும் வாரத்தில், யார் எங்கே தவறியிருப்பார்கள் என்று தாளைத் திறக்கும் முன்பே சொல்லிவிடலாம். வருஷம் மாறுகிறது, பிள்ளைகள் மாறுகிறார்கள், தவறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவற்றில் பாதி, அந்த வயதில் நானும் எழுதியவைதான்.

அலகு போடாமல் விடுவது, சமன்பாட்டைச் சமப்படுத்த மறப்பது, கால்குலேட்டரில் அவசரமாகத் தட்டுவது, இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை கவனக்குறைவு. இன்னொரு முறை பார்த்தால் நீங்களே பிடித்துவிடுவீர்கள். எத்தனை முறை திரும்பப் பார்த்தாலும் சரியாகவே தெரியும் தவறுகள் சில இருக்கின்றன. அவைதான் ஆபத்தானவை.

செல்சியஸில் விகிதம் போடுவது

ஒரு வாயு 27 டிகிரியிலிருந்து 54 டிகிரிக்குச் சூடாகிறது, அழுத்தம் மாறவில்லை. கனஅளவு இரண்டு மடங்காகுமா? ஆகாது. செல்சியஸோடு 273 கூட்டினால் கெல்வின். கெல்வினில் அது 300-லிருந்து 327, அதாவது 9 சதவீதம்தான் கூடும். வாயு விதிகளில் விகிதம் என்று வந்தால் கெல்வின், வேறு பேச்சே இல்லை.

வெப்பநிலை மாற்றத்தோடும் 273 கூட்டுவது

கூட்டாதீர்கள். 13 டிகிரி உயர்வு என்றால் கெல்வினிலும் 13 உயர்வுதான்.

வெப்பக் கணக்கில் யாருடைய நிறையைப் போடுவது

லிட்டருக்கு 2.0 மோல் (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு) செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, அதே செறிவில் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி, இரண்டையும் பாலிஸ்டைரின் கப்பில் ஊற்றுகிறோம், வெப்பநிலை 13 டிகிரி ஏறுகிறது. சூடானது எது? கப்பில் இருக்கும் மொத்தக் கரைசல். ஆகவே நிறை 100 கிராம், 50 அல்ல. 100-ஐ 4.2-ஆலும் (ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஜூல்) 13-ஆலும் பெருக்கினால் 5460 ஜூல். உருவான தண்ணீர் 0.1 மோல். எனவே ஒரு மோலுக்கு 54.6 கிலோஜூல் வெளியாகிறது. புத்தகத்தில் 57 என்று இருக்கும். மீதி கப்புக்கும் காற்றுக்கும் போய்விட்டது. இதே கணக்கில் 13-க்குப் பதில் 286 போட்ட பிள்ளைக்கு 1200-க்கு மேல் வரும். அந்த எண்ணைப் பார்த்ததும் பதற வேண்டும், ஆனால் யாரும் பதறுவதில்லை, அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். செப்பு சல்பேட் கரைசலில் துத்தநாகத் தூள் போடும் சோதனையிலும் இதே கதைதான். அங்கே துத்தநாகத்தின் நிறையை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். வெப்பமானி எதற்குள் இருக்கிறதோ அதன் நிறையைப் போடுங்கள்.

24-ஐக் கண்ட இடத்திலெல்லாம் பெருக்குவது

அறைச் சூழலில் ஒரு மோல் வாயு 24 லிட்டர், திட்ட வெப்ப அழுத்த நிலையில் 22.4 லிட்டர். வாயு என்ற சொல் அதில் இருக்கிறது. 18 கிராம், அதாவது ஒரு மோல், தண்ணீரின் கனஅளவு கேட்டால் 24 லிட்டர் என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. நல்ல மதிப்பெண் எடுக்கிறவர்களும் எழுதுவார்கள். 18 கிராம் தண்ணீர் என்பது 18 மில்லி, நாலு டீஸ்பூன்கூட வராது. அதையே முழுதாக ஆவியாக்கினால் 100 டிகிரியில், சாதாரண காற்றழுத்தத்தில், ஏறக்குறைய 30 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். மூலக்கூறுகளின் எண்ணிக்கை கூடவில்லை, ஒவ்வொன்றும் பெரிதாகவும் இல்லை, ஒன்றுக்கொன்று தூரமாகப் போயிருக்கின்றன, அவ்வளவே.

இந்தக் கடைசி வரி மனதில் சரியாகப் பதிந்திருந்தால் அடுத்த தவறு வரவே வராது. எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

கொதிக்கும்போது கோவலன்ட் பிணைப்பு உடைகிறது என்று எழுதுவது

கணக்கில் கெட்டிக்காரன் ஒருவன், மோல் கணக்கை நான் போர்டில் எழுதி முடிக்கும் முன்பே விடை சொல்லிவிடுவான். அவனுடைய டிரையல் தாளில் கேள்வி இதுதான்: குளோரின் அறை வெப்பநிலையில் வாயு, ஐயோடின் திடப்பொருள், ஏன்? அவன் எழுதியிருந்தான்: ஐயோடினின் கோவலன்ட் பிணைப்பு வலுவானது, அதை உடைக்க அதிக வெப்பம் தேவை. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. விடை முழுக்கத் தப்பு.

கோவலன்ட் பிணைப்பு என்பது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு சேரும் பிணைப்பு. அவன் எழுதியது எவ்வளவு தப்பு என்று பாருங்கள். ஒரு மோல் குளோரின் மூலக்கூறில் அணுவை அணுவிலிருந்து பிரிக்க ஏறக்குறைய 242 கிலோஜூல் வேண்டும். புரோமினுக்கு 193. ஐயோடினுக்கு 151 போதும். ஆவர்த்தன அட்டவணையில் இந்த மூன்றின் வரிசையில் கீழே போகப்போக பிணைப்பு வலுவிழக்கிறது. கொதிநிலையோ ஏறிக்கொண்டே போகிறது: குளோரின் மைனஸ் 34 டிகிரி, புரோமின் 59, ஐயோடின் 184. அவன் சொன்னது உண்மையானால் ஐயோடின்தான் முதலில் வாயுவாகியிருக்க வேண்டும். கொதிநிலையைத் தீர்மானிப்பது அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே இருக்கும் பிணைப்பு அல்ல, ஒரு மூலக்கூறுக்கும் பக்கத்து மூலக்கூறுக்கும் இடையிலான ஈர்ப்பு விசை. குளோரின் மூலக்கூறில் 34 எலக்ட்ரான்கள், ஐயோடினில் 106. எலக்ட்ரான் மேகம் பெரிதாகப் பெரிதாக எளிதில் நெகிழும், மூலக்கூறுகளுக்கு இடையிலான இந்த ஈர்ப்பு, அதாவது வான்டர்வால்ஸ் விசை, கூடும், பிரிக்க அதிக வெப்பம் தேவைப்படும். ஐயோடினைச் சூடாக்கும்போது எழும் ஊதா ஆவியிலும் ஐயோடின் அணுக்கள் இரண்டிரண்டாகத்தான் சேர்ந்தே இருக்கின்றன.

அவனிடம் தாளைக் காட்டிக் கேட்டேன். "அப்போ தண்ணி கொதிச்சா என்ன ஆகும் தம்பி?"

"பாண்ட் உடைஞ்சிரும் டீச்சர். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனித்தனியா போயிரும்."

"தனியா போற ஹைட்ரஜன்கிட்ட எரியிற குச்சியைக் கொண்டு போனா?"

"பாப்னு சத்தம் வரும்."

"அது சோதனைக் குழாயில. கெட்டில் நிறைய வந்தா? பக்கத்துல அம்மா அடுப்புப் பற்ற வைக்கிறாங்களே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் ரப்பரை எடுத்து, எழுதியதை அழிக்க ஆரம்பித்தான். அழிக்காதே, பக்கத்தில் சரியானதை எழுது என்றேன்.

கொதிக்கும் கெட்டிலிலிருந்து வருவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த கலவையாக இருந்தால், தினமும் காலையில் மலேசியாவில் எத்தனை சமையலறைகள் வெடிக்கும்! வருவது தண்ணீர்தான். மூடியில் பட்டுக் குளிர்ந்தால் திரும்பவும் தண்ணீர்த் துளி. 18 கிராம் தண்ணீரைக் கொதிநிலையில் ஆவியாக்க 41 கிலோஜூல் போதும். அதே 18 கிராமில் உள்ள ஓ-ஹெச் பிணைப்புகள் எல்லாவற்றையும் உடைக்க 900 கிலோஜூலுக்கும் மேல் வேண்டும். சமையலறை அடுப்பில் கெட்டிலை வைத்து அதைச் செய்ய முடியாது. தண்ணீரை உண்மையிலேயே பிரிக்க வேண்டுமென்றால் மின்னாற்பகுப்புச் செய்கிறோமே, எதிர்மின்வாயில் இரண்டு பங்கு ஹைட்ரஜனும் நேர்மின்வாயில் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேருவதைக் காத்திருந்து பார்க்கிறோமே, வெறும் கொதியில் அது நடக்குமென்றால் பேட்டரி எதற்கு?

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம். வாட்ஸ்அப்பில் பல வருஷமாக ஒரு ஒற்றைப் பக்கக் குறிப்பு சுற்றுகிறது. இடப்பக்கம் அயோனிக், ஸ்ட்ராங், ஹை. வலப்பக்கம் கோவலன்ட், வீக், லோ. அதாவது பிணைப்பின் வகை, அதன் வலு, உருகுநிலையும் கொதிநிலையும். யாரோ நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள், கடைசி நேரத்தில் படிக்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. ஆனால் கோவலன்ட் பிணைப்பு வீக் அல்ல. சாதாரண கோவலன்ட் சேர்மங்களின் உருகுநிலையும் கொதிநிலையும் குறைவு என்பது உண்மை. காரணம் மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் விசை பலவீனமானது என்பது. அந்த ஒரு காரணத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை மனப்பாடம் செய்ததால், வலுவான பிணைப்பை வீக் என்று ஒரு தலைமுறையே நம்பிக்கொண்டிருக்கிறது.

பத்து ஃபெரிங்கி கடற்கரை மணலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி சிலிக்கான் டை ஆக்சைடு. அதுவும் கோவலன்ட்தான், ஆனால் உருக 1700 டிகிரி அளவுக்கு வேண்டும். கரியமில வாயுவும் கோவலன்ட். அதன் திட வடிவமான உலர்பனியோ மைனஸ் 78 டிகிரியிலேயே நேராக வாயுவாகிவிடும். இத்தனைக்கும் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான இரட்டைப் பிணைப்பு, சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பைவிட வலுவானது. மணலில் தனித்தனி மூலக்கூறே கிடையாது, துகள் முழுக்க ஒரே பின்னல், அதனால் அதை உருக்க பிணைப்பையே உடைத்தாக வேண்டும். உலர்பனியில் மூலக்கூறுகள் தனித்தனியாக இருக்கின்றன, அவற்றை விலக்கினால் போதும். வீக், ஸ்ட்ராங் என்று இரண்டு கட்டம் போட்ட குறிப்பில் மணலை எங்கே வைப்பது?

மூலக்கூறுகள் விலகுவது, பிணைப்பு உடைவது, இந்த இரண்டையும் வீட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம், கேஸ் தோங்கில், அதாவது சமையல் கேஸ் சிலிண்டரில். உள்ளே இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். சாதாரண அழுத்தத்தில் ஒன்றின் கொதிநிலை மைனஸ் 42, மற்றொன்றுக்கு மைனஸ் 0.5. அழுத்தத்தில் அடைத்திருப்பதால் திரவமாக இருக்கிறது. தீபாவளிக்குப் பெரிய அடுப்பில் மணிக்கணக்காக முறுக்குச் சுடும்போது தோங்கைத் தொட்டுப் பாருங்கள், கீழ்ப்பகுதி சில்லென்று இருக்கும், நம் ஊர்க் காற்றின் ஈரம் வெளியே வியர்த்து நிற்கும். உள்ளே திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அதைத் தோங்கின் சுவரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அங்கே விலகுவது மூலக்கூறுகள் மட்டும், புரொப்பேன் புரொப்பேனாகவே குழாய் வழியே அடுப்புக்கு வருகிறது. தீயில்தான் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் உடைகின்றன, அங்கே புரொப்பேன் போய் கரியமில வாயுவும் தண்ணீரும் வருகின்றன.

ஆகவே மணல்போல ஒரே பின்னலாக இல்லாமல் மூலக்கூறுகளால் ஆன பொருள் என்றால், எழுதும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முடிவில் கிடைப்பது அதே பொருளா, வேறு பொருளா? அதே பொருள் என்றால் மூலக்கூறுக்குள் எதுவும் உடையவில்லை. மூலக்கூறுகளுக்கு இடையிலான விசை என்று எழுதுங்கள், மலாயில் எழுதுகிறவர்கள் டாயா தாரிகான் அந்தாரா மொலெகுல் என்று முழுதாக எழுதுங்கள், வெறும் டாயா என்று பாதியில் விடாதீர்கள். இதில் சறுக்கினால் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம்.-இல் சில மதிப்பெண் போவதோடு முடிவதில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்று போனபின் ஆல்கஹால், அமீன், பாலிமர் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. அங்கே போய் அடித்தளத்தைத் தோண்டி எடுத்துத் திரும்பக் கட்டுவது எவ்வளவு சிரமம் என்று என்னிடம் திரும்பி வரும் பழைய மாணவர்களைக் கேட்டால் தெரியும்.

ஹைட்ரஜன் இருந்தாலே ஹைட்ரஜன் பிணைப்பு

ஹைட்ரஜன் பிணைப்பு என்பது மூலக்கூறுகளுக்கு இடையே வரும் சற்று வலுவான ஈர்ப்பு. மீத்தேனில் நாலு ஹைட்ரஜன் இருக்கிறது, ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுகூட இல்லை. பள்ளி அளவில், ஹைட்ரஜன் நேராக நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளோரின் இவற்றில் ஒன்றோடு சேர்ந்திருந்தால்தான் அந்தப் பேச்சு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்க, அதைவிடக் கனமான ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுவது இதனால்தான். அப்புறம், படம் வரையும்போது ஹைட்ரஜன் பிணைப்பின் புள்ளிக்கோட்டை ஒரே தண்ணீர் மூலக்கூறுக்குள் போடாதீர்கள். அது இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவே வர வேண்டும்.

பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வெளியாகும்

வெளியாகாது. உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், உருவாகும்போதுதான் வெளியாகும். அடுப்பு சுடுவது, புதிதாக உருவாகும் பிணைப்புகள் கொடுப்பது உடைக்கச் செலவானதைவிட அதிகம் என்பதால்.

உருகும்போது வெப்பநிலை ஏறவில்லை, ஆகவே வெப்பம் போகவில்லை

நாப்தலீன் 80 டிகிரியில் உருகும்போது வரைபடம் சமமாகப் படுத்திருக்கும். கீழே தீ எரிந்துகொண்டுதான் இருக்கிறது. உள்ளே போகும் வெப்பம் துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பு விசையை வெல்லச் செலவாகிறது, அதனால் வெப்பநிலை ஏறவில்லை. "வெப்பம் இல்லை" என்று எழுதினால் அந்தக் கேள்வி போச்சு.

உப்புக்கு மூலக்கூறு விசை எழுதுவது

மேலே சொன்னதையெல்லாம் புரிந்துகொண்ட பிள்ளைகள் அடுத்து செய்வது இது. சோடியம் குளோரைடில் மூலக்கூறு இல்லை, அயனிகள்தான். 801 டிகிரியில் உருகும்போது வெல்ல வேண்டியது எதிர் மின்சுமைகளுக்கு இடையிலான நிலைமின் ஈர்ப்பை.