வயலுக்கு மனை வரி வந்தபோது

சுற்றிலும் வீடுகள் எழும்பியதும் எங்கள் வயலுக்கு வந்த வரிச்சீட்டைப் பார்த்து அப்பா பேச்சே இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். விளைச்சலைப் பார்க்காமல், மனையாக விற்றால் என்ன விலை போகுமோ அதை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். சாகுபடி நிலத்துக்குச் சலுகை உண்டு, ஆனால் நாம் கேட்டால்தான் கிடைக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. தகர டப்பாவில் கிடந்த, மை மங்கிய விதை ரசீதுகளையும் விற்பனைச் சீட்டுகளையும் ஆண்டு வாரியாக அடுக்கி, சாகுபடி எது, மரங்கள் நிற்கும் திறந்தவெளி எது என்று வரைபடத்தில் நிறம் தீட்டி விண்ணப்பித்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீடு நிற்கும் இடத்தையும் சேர்த்துக் காட்டியதுதான் தப்பு. அதைத் தனியாகப் பிரித்துக் கொடுத்ததும் வரி இறங்கியது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பின்னால் நிலத்தை மனையாக்கினால் பல இடங்களில் முந்தைய சில ஆண்டுகளுக்கான சலுகைத் தொகையைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள். அந்த நிபந்தனையை நிதானமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.