தோல் செல்லால் தசைநாணைச் சரிசெய்வது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள்: "தோல் செல்லை வச்சு டெண்டனைச் சரிபண்ணலாமாமே?" டெண்டன் என்றால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். நல்ல கேள்விதான். ஆனால் நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த திரவத்தைச் செலுத்தும் பிளாஸ்மா ஊசி புதிதாக வந்தபோது நாங்கள் எல்லாரும் விழுந்த அதே குழியை நோக்கித்தான் அவர்களும் நடக்கிறார்கள். சுத்தம், ஸ்கேன் பார்த்து ஊசி போடுவது போன்றவை எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். நோயாளியின் தோலில் சிறு துணுக்கு எடுத்து, அதில் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். பிறகு அவருடைய பிளாஸ்மாவிலேயே கலந்து, கெட்டுப்போன தசைநாணுக்குள் செலுத்துகிறார்கள். தசைநாணில் செல்களும் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. அங்கே கொலாஜன் உண்டாக்கத் தோல் செல் உதவும் என்பது கணக்கு.

ஸ்டெம் செல் என்று சொல்வது

இது ஸ்டெம் செல், அதாவது வேறுவகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல், இல்லை. அவ்வளவுதான்.

முடிவில் பாதியை மட்டும் படிப்பது

2011-இல் வெளியான ஆய்வில் முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் கெட்ட 46 பேருக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். வலியையும் காலின் செயல்பாட்டையும் மதிப்பெண்ணாகக் கணக்கிட்டார்கள்; 100 என்றால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆறு மாதத்தில் செல் கலந்த ஊசி பெற்றவர்கள் சராசரியாக 44-லிருந்து 75-க்கு வந்தார்கள். வெறும் பிளாஸ்மா பெற்றவர்கள் 50-லிருந்து 70-க்கு வந்தார்கள். இந்த இரண்டாவது கணக்கை யாரும் வாயே திறப்பதில்லை. செல்லால் கூடுதல் பலன் தெரிகிறது, சரி. ஆனால் முன்னேற்றத்தில் பெரும்பங்கு செல் இல்லாமலே கிடைத்திருக்கிறது.

வலி போனதும் களத்தில் இறக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

எங்கள் பக்கம் அம்மன் கோயில் கொடை (திருவிழா) என்றால் பல ஊர்களில் கபடி உண்டு. குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் தசைநாண் கெட்டு வந்த ஒரு பையனுக்கு வெளியூரில் பிளாஸ்மா ஊசி போட்டிருந்தார்கள். மூன்றாம் வாரம் வலி இல்லை. "ஊசி போட்டாச்சுல்லா, வலியும் இல்ல, பொறவு என்ன? கொடைக்கு ஆடுதேன்" என்றான். பிசியோதெரபி பயிற்சியில் இருந்த தம்பியும் தலையாட்டி அனுப்பிவிட்டார். பாடிப் போய்த் திரும்பும்போது 'டப்' என்று ஒரு சத்தம். பின்னாலிருந்து யாரோ உதைத்ததாக நினைத்துத் திரும்பிப் பார்த்திருக்கிறான், அங்கே யாருமில்லை. எங்களிடம் தூக்கிவந்தபோது குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அமுக்கினோம். பாதம் அசையவே இல்லை. குதிகாலுக்கு மேலே விரல் வைத்தால் பள்ளம் தட்டியது. தசைநாண் அறுந்திருந்தது. அப்புறம் ஆபரேஷன், ஒரு சீசன் முழுக்கப் போச்சு.

வலி சில வாரத்தில் அடங்கலாம். கொலாஜன் இழைகள் இழுவிசையின் திசையில் ஒழுங்காக அடுக்கி வலுவேற மாதங்கள் ஆகும். செல் ஊசி போட்டாலும் இதே கதைதான். மேலே சொன்ன ஆய்விலேயே செல் பெற்ற ஒருவருக்குப் பின்னால் தசைநாண் அறுந்து அறுவை சிகிச்சை வரை போனது.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் பளு கொடுக்கும் பயிற்சி வேண்டும். 1998-இல் ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் சொன்ன முறை நமக்குத் தெரிந்ததுதான்: குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சி, 15 தடவை வீதம் 3 சுற்று, தினம் இரு வேளை, 12 வாரம். அதன் பிறகும் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி எழும்பச் சொல்லிப் பாருங்கள். நல்ல காலில் 25 தடவை வந்து, மற்றதில் 10-இலேயே நின்றால் இன்னும் தேறவில்லை. பயிற்சி கூடிப்போனதா என்று மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடியில் உள்ள பிடிப்பு சொல்லும்.

காசு கேட்கும் ஆய்வு

நோயாளியை எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். முறையான ஆய்வு சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இருக்கும், ஊசிக்குப் பணம் வாங்காது.

முழு ஓய்வு எழுதிக் கொடுப்பது

பத்தமடையில் பாய் நெய்கிறவரிடமும், மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் அக்காவிடமும் "ஆறு வாரம் கையை அசைக்காதீங்க" என்றால் அடுப்பெரிக்க என்ன செய்வார்கள்? அசையாமல் கிடக்கும் தசைநாண் இன்னும் நைந்துதான் போகும். வேலை நேரத்தைப் பாதியாக்கி, நடுநடுவே இடைவெளி விடச் சொல்லுங்கள். முழங்கை வலி என்றால் முன்கையை மேசையில் வைத்து, தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை நேராக அரை நிமிடம் நிறுத்தட்டும், ஐந்து தடவை. மறுநாள் வலி கூடாவிட்டால் பாட்டிலில் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டலாம்.