மின்னழுத்தக் கணக்கு: 900-ஐ வைத்துக்கொண்டு போட்டுவிடலாம்

குன்னூரில் போன வாரம் நாள் முழுக்கப் பனிமூட்டம், சாயங்காலம் கரன்ட்டும் போய்விட்டது. அக்கா மகள் பிளஸ் டூ இயற்பியல் கணக்கோடு மெழுகுவர்த்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கணக்கு இதுதான்: இரண்டு புள்ளி மின்னூட்டங்கள், +4 நானோ கூலூம், −1 நானோ கூலூம், இடையில் 10 செ.மீ. நட்டநடுவில் மின்னழுத்தம் எவ்வளவு?

முதல் வேலை, சூத்திரத்தில் வரும் 9×10⁹ என்ற மாறிலியைத் தூக்கிப் போடுங்கள். மின்னூட்டம் நானோ கூலூமில், தூரம் செ.மீ.யில் இருந்தால் 900 × மின்னூட்டம் ÷ தூரம். விடை நேராக வோல்ட்டில் வரும். கால்குலேட்டர் வேண்டாம்; பென்சிலும் கிராஃப் தாளும் போதும். பேனா வேண்டாம், இந்த ஊர் ஈரத்துக்கு மை ஊறிவிடும்.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக: 900×4÷5 = 720. 900×(−1)÷5 = −180. கூட்டினால் 540 வோல்ட்.

நான் முதலில் சொன்ன விடை 900! மின்புலம் (ஓரலகு மின்னூட்டத்தின் மேல் படும் விசை, திசை உண்டு) என்றால் நடுவில் இரண்டுமே −1 இருக்கும் பக்கம்தான் காட்டும், அளவுகளைக் கூட்டணும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் குறியை விட்டுவிட்டுக் கூட்டினேன். "மாமா, மைனஸ் எங்கே?" என்றாள். மின்னழுத்தத்துக்குத் திசையே கிடையாது, வெறும் எண். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குக் குன்னூர் வழியாகப் போனாலும் கோத்தகிரி வழியாகப் போனாலும் ஏறும் உயரம் ஒன்றுதானே? உயரத்துக்குக் கடல்மட்டம் பூஜ்யம். இங்கே முடிவிலாத் தொலைவு பூஜ்யம். திசை இல்லாததால் காஸ் (cos), சைன் (sin) எதுவும் வராது. தூரத்துக்கு வர்க்கமும் கிடையாது. குறியை மட்டும் விடக்கூடாது.

மின்னழுத்தம் பூஜ்யமாகும் இடம்? இரண்டுக்கும் இடையில், +4-லிருந்து 8 செ.மீ.: 4÷8-ம் 1÷2-ம் சமம்.

பின்சேர்க்கை: "வெளியே இன்னொரு இடம் இருக்கே?" என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கிறது, நான் விட்டுவிட்டேன். −1-ஐத் தாண்டி 3.33 செ.மீ. அங்கே மின்புலமும் பூஜ்யம் என்று நினைத்துவிடாதீர்கள். மின்புலம் பூஜ்யமாவது −1-ஐத் தாண்டி 10 செ.மீ.யில், அங்கே மின்னழுத்தம் 90 வோல்ட்.

இன்னும் ஒன்று. மின்னழுத்தம் பூஜ்யமாகும் அந்த இரண்டு புள்ளிகளும் −1-ஐ உள்ளே வைத்திருக்கும் ஒரு கோளத்தின் விட்ட முனைகள். கோளப் பரப்பு முழுக்கப் பூஜ்யம்தான். வரைந்து பார்க்கக் காம்பஸ் முள்ளை +4-லிருந்து 10.67 செ.மீ.யில் ஊன்றி, 2.67 ஆரம் வையுங்கள். முள்ளை −1 மேலேயே ஊன்றிவிடாதீர்கள், எங்கள் தாளில் அங்கேதான் ஓட்டை விழுந்திருக்கிறது.